அடுப்பு பற்றவைக்கும் முன் அனுப்பிய பணம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். யாரிடம் பேசினாலும் பேச்சு முடிகிற இடத்தில் "சாப்டீங்களா?" என்று கேட்டுவிடுவார். மெஸ்ஸுக்கு வருகிறவர்களிடம் கேட்டால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவரிடமும் கேட்பார். லோன் வேணுமா சார் என்று போனில் கேட்கிற பெண்ணிடமும் கேட்பார். ஒருமுறை ராங் நம்பரில் வந்த யாரோ ஒருவரிடம் கேட்கப்போய், அந்த ஆள் தன் பெண்ணின் கல்யாணச் செலவு வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கரண்டியோடு எதிரில் வந்து நின்ற பிறகுதான் இவர் போனை வைத்தார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கீழ்பென்னாத்தூரில் பிறந்து, அடி அண்ணாமலைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். கிரிவலப் பாதையில் எங்கள் மெஸ்ஸைத் தேடி வருகிறவர்களிடம் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், "அந்தம்மா சமையல்ல காரம் கம்மி, வாயிலதான் ஜாஸ்தி" என்று சொல்லி அனுப்புவது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுப்படி என்னுடையது, வாசல் அவருடையது என்று பிரித்துக்கொண்டோம். அவர் ஆட்களை உட்காரவைப்பார், நான் வயிற்றை நிரப்புவேன். கடை அப்படித்தான் ஓடியது.

சாதாரண நாளில் எங்கள் மெஸ்ஸில் ஈ ஓட்டலாம். பௌர்ணமி வந்தால் மூச்சு விட நேரமிருக்காது. மலை சுற்ற வருகிறவர்களில் பலர் அப்பா நினைவுக்கு, பிள்ளை பாஸானதற்கு என்று அன்னதானம் செய்வார்கள். சாம்பார் சாதமோ புளிசாதமோ பொட்டலமாகக் கட்டச் சொல்லி முன்கூட்டியே போன் செய்வார்கள். அதில்தான் எங்கள் வருமானமே.

அந்த அன்னதானக் காசு விஷயத்தில் அவருக்கு இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, அது கடைக் கல்லாவில் கலக்கக் கூடாது. கடை வாசலில் க்யூஆர் அட்டை இருக்கிறது, காசு வந்தால் சத்தம் போட்டுச் சொல்கிற பெட்டியும் இருக்கிறது. ஆனால் அன்னதானத்துக்கு மட்டும் தன் சொந்த போன் நம்பருக்கு அனுப்பச் சொல்வார். அது அவருடைய சேமிப்புக் கணக்கு. பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் கணக்கு முடிந்துவிட வேண்டும். யாராவது கூடுதலாகக் கொடுத்திருந்தால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒருத்தர் புண்ணியத்துக்குக் கொடுத்த காசு ஒரு ரூபாய்கூட நம் வீட்டில் தங்கக் கூடாது என்பார். அவருடைய அப்பா காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. அடுப்பு பற்றிவிட்டால் அந்தக் காசு சோறாகிவிட்டது, அதற்குப் பிறகு கணக்குப் பேசக் கூடாது. இது எனக்கும் பிடித்த வழக்கம்தான். இப்போதும் பிடிக்கும்.

அந்தப் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் ஒருத்தன் போன் செய்தான். அப்பாவுக்கு முதல் வருஷத் திதி, இருநூற்றைம்பது பொட்டலம் சாம்பார் சாதம் வேண்டும், சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றான். குரலில் அவ்வளவு பணிவு. முன்பணம் ஐந்நூறு அனுப்பினான், அது ஒழுங்காக வந்தது. மீதி ஒன்பதாயிரத்து ஐந்நூறைப் பௌர்ணமியன்று காலையில் அனுப்புகிறேன் என்றான்.

அன்றைக்குக் காலையில் நான் பின்னால் அரிசி களைந்து, பருப்பை ஊறவைத்து, பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டு நிற்கிறேன். இவர் வாசலில் போனும் கையுமாக நிற்கிறார்.

"ஏங்க, பத்த வெக்கட்டுமா வேணாமா?" என்று கத்தினேன்.

"ஒரு நிமிஷம் இரு. அவரு ஜாஸ்தியா அனுப்பிட்டாராம். திருப்பி உட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

நடந்தது இதுதான். ஒன்பதாயிரத்து ஐந்நூறு போட வேண்டிய இடத்தில் அவசரத்தில் இருபத்தேழாயிரத்து ஐந்நூறு போட்டுவிட்டேன் அண்ணா என்று அவன் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறான். தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணமாம், இன்றைக்குத்தான் கடைசி நாளாம். அதே நேரம் இவர் போனுக்கு மெசேஜும் வந்திருக்கிறது. இத்தனை ரூபாய் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று பேங்க் அனுப்புகிற மாதிரியே எழுத்து. இவர் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. பின்னால் அண்டா ஏறிவிட்டது, அடுப்பு பற்றவேண்டும், அடுத்தவன் காசு கையில் இருக்கிறது. பதினெட்டாயிரத்தை அனுப்பிவிட்டு வந்து, "இப்ப பத்த வை" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் சாமியைக் கும்பிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

வேறு யாரும் இதில் விழுந்திருப்பார்களா தெரியவில்லை. காசு ஜாஸ்தியாக வந்துவிட்டது என்றால், அப்புறம் பார்க்கலாம் என்று பேசாமல் இருப்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். இவர் ஓடி ஓடித் திருப்பிக் கொடுத்தார்.

பதினோரு மணி வாக்கில் காய்கறிக்காரருக்குப் பணம் அனுப்பப் போனார். கணக்கில் இருப்பு போதாது என்று வந்தது. புது கிரைண்டர் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அதில்தான் இருந்தது. இல்லாமல் எப்படிப் போகும்? திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். நான் வந்து எட்டிப் பார்த்தேன். அந்த ஆளுக்குப் போன் செய்தோம். ஸ்விட்ச் ஆஃப்.

நல்ல வேளையாக, பௌர்ணமி பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஒரு பெண் போலீஸ் அப்போது முன் டேபிளில் டீ குடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பெண் வயதுதான் இருக்கும். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா ஆச்சு?" என்று எழுந்து வந்தது.

மெசேஜை வாங்கிப் பார்த்ததும் அதற்குப் புரிந்துவிட்டது. "அண்ணா, இது பேங்க்லேர்ந்து வரல. பேங்க் மெசேஜ்னா மேல பேங்க் பேரு இருக்கும். இது யாரோ ஒருத்தன் போன் நம்பர்லேர்ந்து வந்திருக்கு பாருங்க. அவனே டைப் பண்ணி அனுப்பியிருக்கான். உங்க கணக்குக்குக் காசே வரல. போனது உங்க காசு."

இவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"உக்காராதீங்கண்ணா. எப்ப அனுப்புனீங்க?"

"ஏழரை இருக்கும்மா."

"பரவால்ல. நாலு நாள் கழிச்சு வர்றவங்க இருக்கறாங்க. சீக்கிரம் சொன்னாத்தான் அவன் எடுக்கறதுக்குள்ள கணக்க நிறுத்த முடியும்" என்று சொல்லி, தன் போனிலிருந்தே சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அடித்தது. அனுப்பிய நேரம், அவனுடைய நம்பர், பணம் போனதற்கான பன்னிரண்டு இலக்க எண் எல்லாவற்றையும் இவர் போனைப் பார்த்து ஒன்றுவிடாமல் படித்தது. பதிவாகிவிட்டதென்று கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது. பிறகு பேங்குக்கும் போன் போடச் சொன்னது. டீ ஆறிப்போயிருந்தது. நான் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அதற்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டு, "பந்தோபஸ்துக்கு வந்து ஓசி டீ குடிச்சேன்னு பேரு வேணாம்கா" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டது. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

நாலு மணி ஆயிற்று. வண்டி எப்படி வரும்? இருநூற்றைம்பது பொட்டலமும் கட்டித் தயாராக இருந்தது. பாதையில் ஜனம் ஆறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் விற்றுவிடலாம், போன காசில் பாதியாவது தேறும் என்று நான் கணக்குப் போட்டு டேபிளை இழுத்தேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னதானம்னு சொல்லி அடுப்பு பத்த வெச்சது. விக்க முடியாது."

"யாரு அன்னதானம்? அந்தத் திருட்டு நாயோட அன்னதானமா? அவன் அப்பனுக்கா திதி? அவனுக்கே நான் திதி வெக்கறேன் இருங்க!"

"நம்ம அன்னதானம்னு வெச்சுக்கோ" என்றார்.

அரிசி என்ன விலை, பருப்பு என்ன விலை! ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, இழுத்த டேபிளைப் பழைய இடத்துக்கே தள்ளினேன். ஊரே காது பொத்திக்கொள்ளும்படி இவள் கத்தப்போகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் காத்திருந்தார்கள். நான் பொட்டலக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். அவர் ஒவ்வொருத்தர் கையிலும் பொட்டலத்தைக் கொடுத்தார். ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு நின்ற பேச்சுதான். மறுநாளிலிருந்து வாசலில் வேறொரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். சாப்பிட வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பார். காசு அனுப்பியவுடன் பெட்டிப் பக்கம் காதை வைத்துக்கொள்வார். அன்னதானத்துக்கு என்று யார் போன் செய்தாலும், "நாங்க இப்ப பண்றதில்லீங்க" என்று வைத்துவிடுவார். "சாப்டீங்களா" என்பது அவர் வாயிலிருந்து உதிர்ந்தே போய்விட்டது.

ஒருநாள் ஆந்திராவிலிருந்து வந்த வயதான தம்பதி சாப்பிட்டுவிட்டுக் காசு அனுப்பினார்கள். அந்தப் பெரியவர் போனைக் காட்டினார், போய்விட்டது என்று இருந்தது. பெட்டி பேசவில்லை. நெட்வொர்க் அப்படி. இவர் எழுந்து வாசலை மறித்துக்கொண்டு, "பெட்டி சொல்லல. உக்காருங்க" என்றார். தமிழ் புரியாவிட்டாலும் அந்தக் குரல் புரிந்திருக்கும். பெரியவர் முகம் சுருங்கிப்போய் உட்கார்ந்தார், அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி காசு வந்ததைச் சொல்லிற்று. இவர் வழிவிட்டார். தப்பு செய்துவிட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. நான்தான் ஓடிப்போய் அந்த அம்மா கையில் வாழைப்பழம் கொடுத்து அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. பதினெட்டாயிரம் போனால் மறுபடி சேர்க்கலாம். பழைய கிரைண்டர் கடகடவென்று இன்னும் ரெண்டு வருஷம் ஓடும், ஓடாவிட்டால் ஆட்டுக்கல் இருக்கிறது. இந்த மனுஷனைத் தொலைத்துவிட்டால் நான் எந்த சைபர் க்ரைமில் போய்ப் புகார் கொடுப்பேன்?

ஒரு மத்தியானம் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். "அன்னைக்கு அவங்கிட்டயும் கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"சாப்டியாப்பான்னு. 'இன்னும் இல்லண்ணா, திதி முடிஞ்சப்புறம்தான்'னான். பாவம், அப்பனுக்காகப் பட்டினி கெடக்கறான்னு நெனச்சேன். அதனாலதான் அவசரமா அனுப்புனேன்."

காசு போனதைவிட இதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் போனுக்கு வருகிற அழைப்புகளை நானே எடுத்துப் பேசினேன். அன்னதானத்துக்கு யாராவது கூப்பிட்டால், "நல்லதுங்க, செய்வோம். ஆனா காசு கடைக் கணக்குக்குத்தான் வரணும். பெட்டி பேசணும், நான் பேங்க்ல இருப்பப் பாக்கணும். ஜாஸ்தியா வந்துட்டா நேர்ல வந்து வாங்கிக்கலாம், இல்ல ரெண்டு நாள் பொறுக்கணும். போன்லயே திருப்பி அனுப்பறது இங்க கெடையாது" என்பேன். சிலர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்கள். நல்லவர்கள் சரி என்றார்கள். இவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

பணத்துக்கும் அலைந்தோம். வேங்கிக்காலில் இருக்கிற சைபர் க்ரைம் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை எழுத்தில் கொடுத்தோம். அந்தப் பெண் போலீஸ் அன்றைக்கே போன் செய்ததால் அவன் கணக்கில் பதினோராயிரம் நின்றுவிட்டதாம், மீதியை அதற்குள் எடுத்துவிட்டானாம். நின்ற பணத்தை வாங்க கோர்ட்டில் மனுப் போட வேண்டும் என்றார்கள். வக்கீலுக்குக் கொடுக்க எங்கே போவது என்று விழித்தபோது, கோர்ட்டிலேயே இலவச சட்ட உதவி இருக்கிறது என்று வழி காட்டினார்கள். மாசம் போய்க்கொண்டே இருந்தது.

நடுவில் ஒருத்தன் கூப்பிட்டான். சைபர் க்ரைமிலிருந்து பேசுகிறானாம். உங்கள் பதினெட்டாயிரமும் ரெடி, ஒரு ஆப் மட்டும் போட்டுக்கொண்டு ஐந்நூறு ரூபாய் கட்டணம் கட்டுங்கள் என்றான். எத்தனை நாள் அடக்கிவைத்தது! "டேய், போன காசத் திருப்பித் தரதுக்கு இன்னொரு திருடனா? உங்கம்மா சோறுதான் போட்டாளா, இல்ல வேற எதையாவது போட்டு வளத்தாளா?" என்று ஆரம்பித்து, அவன் வைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. எதிர்க்கடையில் கை தட்டினார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவன் குரலா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, வேற எவனோ."

"எத்தினி பேரு இருக்கறானுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதனால்தான், கோர்ட் உத்தரவு ஆகி, பதினோராயிரம் வரவு என்று நிஜமாகவே பேங்கிலிருந்து மெசேஜ் வந்தபோது, அவர் போனை என் முன்னால் நீட்டி, "இன்னொருத்தன் ஆரம்பிச்சுட்டான் பாரு" என்றார். மேலே பேங்க் பேர் இருக்கிறதே என்றேன். அதையும் எவனாவது செய்வான் என்றார். சரி, நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கடையைச் சாத்திவிட்டு டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பேங்கில் கூட்டம். சர்வர் மெதுவாக இருக்கிறது என்று ஆளாளுக்கு முனகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வரும்போது மத்தியானம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. கவுண்டரில் ஒரு சின்னப் பெண், முகமெல்லாம் வாடியிருந்தது. பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்தது.

"இது யாரு போட்ட காசும்மா?" என்று இவர் கேட்டார்.

"கோர்ட் ஆர்டர்ல வந்திருக்குங்கய்யா. உங்க பணம்தான்."

"நாளைக்கு யாராவது வந்து திருப்பிக் கேப்பாங்களா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

"இப்ப எடுத்தா வருமா?"

"வரும்யா" என்று அந்தப் பெண் கோபப்படாமல் சொன்னது. இவர் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பின்னால் இருந்தவர்கள் செருமினார்கள். பிறகு தலையை நிமிர்த்தி அந்தப் பெண் முகத்தைப் பார்த்தார்.

"சாப்டீங்களாம்மா?" என்றார்.

எத்தனை மாசம் ஆயிற்று அதைக் கேட்டு! அந்தப் பெண் ஒரு நொடி விழித்துவிட்டு, "இன்னும் இல்லைங்கய்யா" என்றது.

அதே பதில். அவனும் இதைத்தான் சொன்னான். இவர் முகம் மறுபடி மூடிக்கொள்ளப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பாஸ்புக்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திரும்பி வரிசையைப் பார்த்து, "ஒரு பத்து நிமிஷம் இருங்கப்பா. இந்தப் பொண்ணு இன்னும் சாப்டலயாம், சாப்ட்டு வந்துடட்டும்" என்றார்.

அவ்வளவுதான், வரிசை கொதித்தது. "யோவ், உன் வேலை முடிஞ்சுதுன்னா நகருய்யா!" என்று ஒருத்தர் கத்தினார். அந்தப் பெண், "ஐயோ, வேணாங்கய்யா" என்று வெட்கத்தில் சிரித்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் போனேன். "ஏன், பத்து நிமிஷத்துல பேங்க் எழுந்து ஓடிடுமா? நீங்கல்லாம் வீட்ல துன்னுட்டுத்தான வந்தீங்க? உங்க பொண்ணு இப்படி உக்காந்திருந்தா உடுவீங்களா?" கத்தினவர் கூரையைப் பார்த்தார். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கவுண்டரில் இன்னொருவரை உட்காரவைத்தார். அந்தப் பெண் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

வெளியே வந்ததும் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"காசு வந்துடுச்சேன்னு அழறியா?" என்றார்.

"ஆமாங்க. காசுக்குத்தான்" என்றேன்.

வெயில் ஜாஸ்தியாக இருந்ததால் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் தனி ஆட்டோவே பிடித்தார். டவுனைத் தாண்டும்வரை வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு முன்னால் குனிந்து டிரைவரின் தோளைத் தொட்டுக் கேட்டார்.

"ஆச்சு சார்" என்ற டிரைவர், கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"நாங்க இனிமேதான்" என்றார் அவர்.